இழை தெரியும் விநாடி

2001 ஜூலை 2, திங்கள்

காலையிலிருந்து மழை. கிதிர்பூரில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடை. லேபுக்குள் நுழையும்போது பத்தே கால்.

மெஷின் வந்துவிட்டது. ரத்தம் எத்தனை விநாடியில் உறைகிறது என்று தானே பார்த்துச் சொல்லும் மெஷின். டிபன் கேரியரைப் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது. பதினாறு வருஷமாக இந்த வேலை என் கையில். வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குழாய், அதில் ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீர். மருந்து ஊற்றியதும் ஸ்டாப்வாட்ச் ஓடும். குழாயைச் சாய்த்துச் சாய்த்து விளக்கில் பார்க்க வேண்டும். முதல் இழை தெரிந்த விநாடியில் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் பி.எஸ்ஸி., அதற்கு மேல் டிப்ளமோ.

டாக்டர் சென் (லேபின் தலைவர், ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி) சொன்னது: சுவரில் ஒட்டியிருக்கும் பழைய நார்மல் அளவு இனி செல்லாது. மெஷினுக்குப் புதிதாகப் போட வேண்டும். ஆரோக்கியமானவர்கள் நாற்பது பேர். ஒவ்வொரு ரத்தமும் மெஷினிலும் ஓட வேண்டும், என் கையிலும் ஓட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் தொட்டியை மூடிவிடலாம்.

பழைய அளவு: 11.5 முதல் 14.5 விநாடி, சராசரி 13. 1991-இல் நான் போட்டது. அப்போது எனக்கு முப்பத்தாறு.

உறைதல் டெஸ்ட்டை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது சென் போட்ட சட்டம். ஆளுக்கு ஆள் இழையைப் பார்க்கும் நேரம் மாறும். எனவே ஒரே கை, ஒரே கண். நான் லீவு என்றால் டெஸ்ட்டும் லீவு.

வீட்டுக்கு ஆறரை. மாலதி (பகலில் இவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயா) குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, முடியும் வாரிவிட்டிருந்தாள். வகிடு இடது பக்கம். இவருக்கு வலது. மாற்றவில்லை.

ஜூலை 4, புதன்

புழுக்கம். மழை இல்லை.

ஆள் பிடிப்பது தனி வேலை. ஊசி என்றதும் ஆஸ்பத்திரிக்காரர்களே ஓடுகிறார்கள். காண்டீன் கோபால்தா ஆறு அடி, எண்பது கிலோ. ஐந்து மில்லி எடுத்ததற்கு, இனி ஒரு வாரம் குலேகாடா சாறு குடிக்க வேண்டும் என்றார். இங்கே ரத்தம் ஊறக் கொடுக்கும் கீரை அது. கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சந்தேஷ் இனிப்பு, ஒரு டீ. கோபால்தா நான்கு கேட்டார். அவர் கடைச் சந்தேஷ்தான்.

இன்று கழித்தவை:
– வார்டு பாய் ஒருவன். நேற்று தலைவலிக்கு ஆஸ்பிரின்.
– எக்ஸ்ரே பிரிவுப் பெண். மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றாள். ஊசி குத்திய பிறகு காதில் சொன்னாள், கருத்தடை மாத்திரை.
– குழாய் நிரம்பாதது இரண்டு. பத்தில் ஒரு பங்கு உறையாமல் வைக்கும் சிட்ரேட், ஒன்பது பங்கு ரத்தம். ரத்தம் குறைந்தால் விநாடி நீளும்.
– சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்த வாட்ச்மேன். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவருக்கு வருத்தம். அப்போ நான் ஆரோக்கியமானவன் இல்லையா தீதி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தேஷ் கொடுத்து அனுப்பினேன்.

கணக்கில் சேர்ந்தவை பதினொன்று.

மௌசுமிக்குக் குதூகலம். மூன்று வருஷமாக என் கீழே வேலை பார்க்கிறாள், ஒரு முறைகூடத் தொட்டிப் பக்கம் விட்டதில்லை. மெஷின் வந்ததும் அவள்தான் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

இவருக்கு வலது கைப் பயிற்சி. ரப்பர் பந்து. மூன்று தடவை அமுக்கினார். பிறகு பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயில்வேயில் பாலம் பிரிவில் டிராயிங் போடுகிறவர். இருபத்தெட்டு வருஷம். அந்தக் கை.

ஜூலை 7, சனி

நாத்தனார் திருநெல்வேலியிலிருந்து போன். அண்ணன் சாப்பிட்டாகளா, நடந்தாகளா. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரியாமல் போகிறது. கடைசியில் எப்போதும் போல அழுதாள்.

"மாசம் தவறாம டெஸ்ட் பண்ணி, வேளா வேளைக்கு மாத்திரை குடுத்தீயளே மதினி. வீட்டுலயே லேப்காரி இருந்தும் இப்படி ஆயிட்டே."

ஆமாம் என்றேன். வேறென்ன.

இதய வால்வு மாற்றி ஏழு வருஷம் ஆகிறது இவருக்கு. உலோக வால்வு. அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. மாத்திரை கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி. கூடுதலா குறைவா என்பதை மாதாமாதம் உறையும் விநாடியை வைத்துத்தான் பார்ப்பது. அந்த விநாடியை ஒரு எண்ணாக மாற்றி எழுதுவோம். வால்வுக்காரர்களுக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். இவருடையது எப்போதும் நின்றது. இருந்தும் டிசம்பர் 9 காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கீழே விழுந்தது. கட்டி மூளைக்குப் போய்விட்டது.

ஏழு மாதம் ஆகப் போகிறது, இன்னும் நான் அழவில்லை. எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உள்ளே பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. பசி இல்லை, சாப்பிடுகிறேன்.

கத்தரிக்காய், புளி, பினாயில், இவருக்கு பனியன் இரண்டு.

ஜூலை 10, செவ்வாய்

நாற்பது முடிந்தது. ஆண் 22, பெண் 18.

மெஷின் சராசரி 12.8. என் சராசரி 12.9. எந்தக் குழாயிலும் அரை விநாடிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

சென் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி முழுக்கச் சுற்றிவந்தார். எலும்பு டாக்டரிடம்கூடக் காட்டினார். நாலு லட்சம் கொடுத்து எதற்கு வாங்கினோம், இவள் கண் இருக்கையிலே என்றாராம். மௌசுமி வந்து நடித்துக் காட்டினாள், மூக்கிலிருந்து கண்ணாடி நழுவுவது உட்பட. சிரித்தேன். சிரித்தது நன்றாகத் தெரிந்தது, வாய் இழுத்துக்கொண்டது.

டிசம்பருக்குப் பிறகு ஏதோ ஒன்று சரியாக வந்திருக்கிறது.

நாளை வால்வு கிளினிக். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருபது பேரையும் இரண்டு வழியிலும் பார்த்துவிடுங்கள், வெறும் சம்பிரதாயம்தான் என்றார் சென்.

ஜூலை 11, புதன்

சரியில்லை.

இருபது பேர். என் விநாடி ஒவ்வொன்றும் மெஷினுக்கு மேலே. மூன்று, நான்கு, ஒன்றில் ஐந்து. ஒன்றுகூடக் கீழே இல்லை.

மெஷின் 22, நான் 26.
மெஷின் 19, நான் 22.5.
மெஷின் 24, நான் 28.
இப்படியே.

நாற்பது பேரில் ஒத்துப்போன மெஷின் இருபது பேரில் ஏன் விலக வேண்டும்? உறைவதைக் கண்டுபிடிக்க உள்ளே உருளும் குண்டு பழுதா? மாத்திரை சாப்பிட்ட ரத்தத்தை இந்த மெஷினுக்குப் பழக்கமில்லையோ என்னவோ. கம்பெனி இன்ஜினியருக்கு போன், நாளை வருகிறார். ரிப்போர்ட் எல்லாம் என் எண்களை வைத்துத்தான் போயிற்று. அதுதானே இதுவரை சட்டம்.

கடைசி ஆள் ரஹமத் மியான், மெட்டியாபுருஸ் தையற்காரர். இரண்டு வாரத்துக்கு முன் அவர் எண் அதிகம் என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். இன்று என் கையில் 24 விநாடி, எண் 2.7. அப்படியே தொடரவும் என்று டாக்டர் எழுதிவிட்டார். மெஷின்படி 20 விநாடி, எண் 2.0.

குழாயில் ஒட்டிய பேரைப் படிக்க நான் கையை நீட்டிப் பிடித்தேன் போல. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தீதி, உங்களுக்கும் சால்ஷே பிடித்துவிட்டது. நான் போன வருஷமே கண்ணாடி போட்டாச்சு. பிடிவாதம் பிடிக்கிற தையற்காரன் விரலைத்தான் தைப்பான்."

நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கும் கோளாறுக்கு இங்கே அந்தப் பேர். நம் ஊரில் சாளேசரம். எனக்கும் ஒரு கண்ணாடி இருக்கிறது. பேப்பர் படிக்க மட்டும். தொட்டியிடம் போட்டால் ஆவி படிந்துவிடும், அதனால் போடுவதில்லை.

ஜூலை 12, வியாழன்

இன்ஜினியர் வந்தார், மெஷினில் பழுதில்லை. கம்பெனி கொடுத்த கண்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த மாதிரி ரத்தம்) மூன்றும் சரி.

பகல் இரண்டு மணிக்கு வார்டிலிருந்து மாத்திரைக்காரர்கள் ஆறு பேரின் ரத்தம். மௌசுமியைத் தொட்டிக்குக் கூப்பிட்டேன். அவள் ஒரு வாட்ச், நான் ஒரு வாட்ச், குழாய் ஒன்று. சாய்ப்பது நான்.

முதல் குழாய். அவள் வாட்ச் க்ளிக் என்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. மஞ்சள் தண்ணீர். சாய்த்தேன். மஞ்சள் தண்ணீர். சாய்த்தேன். அப்புறம்தான் இழை.

அவள் 22. நான் 26. மெஷின் 21.8.

இரண்டாவது குழாயில் இருவரும் ஒன்றாக அமுக்கினோம். 25, 25. எனக்கு மூச்சு வந்தது. மெஷின் காட்டியது 21. அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"எனக்காக நிற்காதே, பார்த்ததும் அமுக்கு" என்றேன். மீதி நான்கிலும் அவள் மெஷினோடு நின்றாள்.

கடைசிக் குழாயைப் பேப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பச் செய்தேன். ஆவியைத் துடைத்துத் துடைத்து. மெஷினுக்கும் எனக்கும் ஒரு விநாடிதான் வித்தியாசம்.

இப்போது புரிகிறது. ஆரோக்கியமான ரத்தம் ஒரேயடியாக உறையும், தயிர் மாதிரி. குருடிக்குக்கூடத் தெரியும். மாத்திரை சாப்பிட்டவரின் ரத்தத்தில் முதலில் ஒரு இழை, சிலந்தி இழையில் பாதி. அது தடிக்கும்வரை எனக்குத் தெரிவதில்லை. நாற்பது பேரையும் நாற்பதாயிரம் பேரையும் சோதித்திருந்தாலும் நான் பாஸ்தான். தினமும் காலையில் பார்க்கும் கண்ட்ரோலும் ஆரோக்கியமான ரத்தம். தினமும் பாஸ்.

நான் விநாடியைக் கூட்டி எழுதியிருக்கிறேன். ரத்தம் ரொம்ப நீர்த்திருக்கிறது என்று டாக்டர்கள் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள்.

டிசம்பரில் நான் லீவில் இருந்த மூன்று வாரமும் இந்த நோயாளிகளை வெளி லேபுக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் எண் குறைவாக வந்தது. அந்த லேப் சுத்த மோசம் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். நான்தான் அதிகம் பேசினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மாலதிக்குப் பான் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 14, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. சென் தில்லியில் மீட்டிங், திங்கள்தான் வருவார்.

இன்று மௌசுமி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். புதன்கிழமைத் தாளில் ஒரு வரி எழுதிவிடலாம் என்றாள். மருந்துப் பாட்டில் மாறியதால் கையளவுக்கும் மெஷினளவுக்கும் வித்தியாசம், இனி மெஷின் அளவே செல்லும் என்று. பொய்யும் இல்லை தீதி, பாட்டில் நிஜமாகவே மாறியிருக்கிறது.

"திங்கள்லேர்ந்து எல்லாம் மெஷின். அடுத்த தடவை அவங்கவங்க வரும்போது தானா சரியாயிடும். யாருக்கு என்ன தெரியப் போகுது? பதினாறு வருஷம், தீதி. நீங்க தலை குனிஞ்சு நிக்கிறதை நான் பார்க்க மாட்டேன்."

வங்காளியில் சொன்னாள், எனக்கு இப்படித்தான் தமிழில் கேட்டது. நல்ல பெண். காதில் சின்ன முத்து. மூக்கு நுனி சிவந்திருந்தது.

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். என்ன சொல்வேன் என்று அவளும் கேட்கவில்லை.

தானாகச் சரியாகும். ரஹமத் மியானின் அடுத்த தேதி ஆகஸ்ட் 8. அதுவரை பாதி மாத்திரை.

போன் வந்தது, எடுக்கவில்லை. சனிக்கிழமை.

ஜூலை 15, ஞாயிறு

மாலதிக்கு லீவு. இவரை நான்தான் குளிப்பாட்டினேன். ரசம், உருளைக்கிழங்கு. ரசம் கொஞ்சம் வேஷ்டியில்.

மத்தியானம் இவர் தூங்கிய பிறகு இவருடைய டெஸ்ட் நோட்டை எடுத்தேன். மஞ்சள் அட்டை. முதல் பக்கத்திலிருந்து எல்லாம் என் கையெழுத்து.

ஆகஸ்ட் – 25.5 விநாடி, எண் 2.9. மாத்திரை 2.
செப்டம்பர் – 27.5, 3.3. அதே 2.
அக்டோபர் – 29, 3.6. மாத்திரை 1½ ஆகக் குறைத்தார்கள்.
நவம்பர் – 26, 3.0. அதே 1½.
டிசம்பர் – காலி. ஜனவரியிலிருந்து மறுபடி என் கையெழுத்து, அதே 1½.

நவம்பரில் நான்கு விநாடியைக் கழித்துப் பார்த்தேன். 22. எண் 2.3. இரண்டரைக்குக் கீழே. அக்டோபரிலும் கழித்தேன். 25. எண் 2.8. குறைத்திருக்கவே வேண்டியதில்லை.

நவம்பரில் நான்கு விநாடி இருந்ததா, இரண்டுதானா, எப்படித் தெரியும்? என் கண் எந்த மாதம் எவ்வளவு என்பதற்கு எங்கும் பதிவு இல்லை. 2.3 உள்ளவர்கள் எல்லோருக்கும் ஸ்ட்ரோக் வருவதில்லை. 3.0 உள்ளவர்களுக்கும் வந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஜன்னல் வழியாக, ரிப்போர்ட்டைக் கொடுத்துக்கொண்டே.

நோட்டைப் பழையபடி வைத்துவிட்டுத் துணி மடித்தேன்.

இவர் எழுந்து தண்ணீர் கேட்டார். டம்ளரை இடது கையில் கொடுத்தேன். அந்தக் கைதான் இப்போது எல்லாம்.

ஜூலை 16, திங்கள்

விட்டு விட்டு மழை. சீக்கிரம் போய்விட்டேன், எட்டு மணி.

ரெஜிஸ்டரைப் புரட்டினேன். வருஷக்கணக்காக ஒரே மாத்திரையில் ஆடாமல் அசையாமல் நின்ற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, மாதவாரியாக எண்களை எழுதினேன். போன வருஷம் ஜூலைவரை கோடு போட்ட மாதிரி. ஆகஸ்டிலிருந்து ஏற்றம். நவம்பருக்குள் பத்தில் எட்டுப் பேருக்கு மாத்திரை குறைத்தாயிற்று. எட்டுப் பேருக்கும் ஒரே பருவத்தில் ரத்தம் நீர்த்துவிட்டதா என்று ஒரு நாள் நான் கேட்டிருக்க வேண்டும். எழுதியவள் நான். பத்துப் பேரையும் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அந்தப் பத்தில் ஒருவர் பிப்ரவரிக்குப் பிறகு வரவில்லை. எதனால் என்று ரெஜிஸ்டரில் இருக்காது.

பதினொரு மணிக்கு சென் அறை. தாள்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். நாற்பது பேர், இருபது பேர், மௌசுமியோடு பார்த்த ஆறு பேர், இந்தப் பத்துப் பேர். பேசுவதற்கு ஒன்றுமில்லை, அவர் படிப்பார். படித்தார். சிகரெட்டைப் பற்ற வைத்துவிட்டு மறந்துபோனார்.

ஒரே கண் என்று சட்டம் போட்டது நான்தானே என்றார். அது உண்மை, ஆனால் கண் அவருடையது இல்லை.

பிறகு வேலைப் பேச்சு. உடனே அத்தனை பேரையும் திருப்பிக் கூப்பிட வேண்டும். கடைசி இரண்டு மாதத்தில் வந்தவர்கள் போதும், முப்பத்தேழு பேர், இப்போது வந்துகொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் அதில் அடக்கம் என்றார். அவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் தப்பு மே மாதத்திலிருந்து என்று எழுதலாம் என்றார்.

ஆகஸ்டிலிருந்து, என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இவர் வால்வுக்காரர் என்று அவருக்குத் தெரியும். டிசம்பரில் பூங்கொத்தோடு வந்தவர்.

"கல்யாணி, ஆகஸ்ட் என்று எழுதினால் அதை அழிக்க முடியாது. உனக்கு அது வேண்டுமா?"

"எழுதுங்க சார்."

எழுதினார். எனக்கும் ஒரு நகல். மடித்துப் பையில்.

மௌசுமி என்னோடு நாள் முழுக்கப் பேசவில்லை. மாலையில் என் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருந்தாள்.

ஜூலை 18, புதன்

முப்பத்தேழில் இருபத்தொன்பது பேர் வந்தார்கள். தபால், போன், மூன்று பேருக்கு ஆளனுப்பி. மெஷினில் மௌசுமி. நான் ரத்தம் எடுத்தேன், பேர் எழுதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு.

ஒன்பது பேருக்கு எண் இரண்டரைக்குக் கீழே. அன்றே மாத்திரையைக் கூட்டியாயிற்று.

ரஹமத் மியான் பதினொன்றரைக்குத்தான் வந்தார். அதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1.9. பேச்சு சரி, நடை சரி, இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், தூக்கினார். எதற்கு தீதி, போலீசில் பிடிபட்ட மாதிரி என்றார். அளவு தப்பாகப் போய்விட்டது, நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றேன். கேட்டுக்கொண்டார். என் முகத்திலிருந்த கண்ணாடியைக் கவனித்துவிட்டு, ஃபிரேம் உங்களுக்குப் பொருந்தவில்லை, ஆண்பிள்ளை ஃபிரேம் என்றார்.

மீதி எட்டுப் பேருக்கு நாளையும் முயற்சி. பிப்ரவரிக்குப் பிறகு வராதவர் வீட்டுக்கு டாக்டர் சென்னே போகிறார். ஹவுரா பக்கம். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

ஜூலை 19, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம், டீக்குப் பிறகு. மாலதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டு, மஞ்சள் நோட்டையும் கடிதத்தின் நகலையும் காட்டிச் சொன்னேன். இவர் டிராயிங்காரர், எண்ணைப் பார்த்தால்தான் நம்புவார். ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர். எது என் கண், எது மெஷின். இது இல்லாமலும் வந்திருக்கலாம் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைதான்.

பேச்சு புரிகிறது இவருக்கு. வார்த்தைதான் வெளியே வராது, ஒன்றிரண்டு வரவும் ரொம்ப நேரம் ஆகும். இடது கைவிரலை அக்டோபர் வரியில் வைத்து, அப்படியே வைத்திருந்தார். நான் காத்திருந்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாடு நான் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. மாலதியைப் போகவிடாமல் நிறுத்தி அவளை ஊட்டச் சொன்னேன். அவள் கையில் இரண்டு இட்லி சாப்பிட்டார். மாத்திரையையும் அவள் கையிலேதான்.

"தாதாபாபுவுக்கு உடம்பு சரியில்லையா பௌதி?" என்று கேட்டாள்.

இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன்.

ஜூலை 20, வெள்ளி

அதே. மாலதிக்குக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியாயிற்று.

ஹவுரா வீட்டிலிருந்து சென் திரும்பினார். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். மகன் ஜாம்ஷெட்பூரில், அங்கே போய்விட்டார், அங்கே ஒரு லேபில் பார்க்கிறாராம். சென் இதைச் சொல்லிவிட்டு என் அறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

எட்டுப் பேரில் ஆறு பேர் வந்தாயிற்று. பாக்கி இருவர் ஊரில் இல்லை, திங்கள்.

மெஷினுக்கு நார்மல் அளவு: 11.2 முதல் 14.4 விநாடி, சராசரி 12.8. டைப் அடித்துச் சுவரில் ஒட்டினோம். கையெழுத்து: சென், மௌசுமி. என் பேரையும் சேர்க்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பிறகு சேர்க்கச் சொன்னேன். நாற்பது பேரின் ரத்தமும் நான் எடுத்ததுதான்.

ஜூலை 21, சனி

வெயில். துணி காய்ந்தது.

இவருக்கு மாத டெஸ்ட். மற்றவர்களோடு புதன்கிழமையே செய்திருக்க வேண்டும், இவரிடம் சொல்லாமல் கூட்டிப்போக முடியவில்லை. டாக்ஸியில் கூட்டிப்போனேன். ஏற, இறங்க டிரைவர் கை கொடுத்தார். என் கையைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை.

மௌசுமி ரத்தம் எடுத்தாள், மௌசுமியே ஓட்டினாள். நான் வராந்தாவில் நின்றேன். எண் 2.2. மாத்திரை பழையபடி இரண்டு, பத்து நாளில் திரும்பப் பார்க்க வேண்டும்.

நாத்தனார் போன். எடுத்தேன். நான் சொல்வதைக் கேள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பாதி புரியவில்லை, மீதி புரிந்தது. அப்புறம், அண்ணன்ட்ட குடுங்க மதினி என்றாள். ரிசீவரை இவர் காதில் வைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாலதி ஐந்தரைக்குப் போய்விட்டாள், தங்கை பெண்ணுக்கு நிச்சயம். ஏழு மணி மாத்திரைக்கு நான்தான். தட்டில் மாத்திரை இரண்டு, தண்ணீர். புது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்தார். அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நான் வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. டாக்டர் கொடுக்கக் கூடாது என்றிருக்கிறார்.

"யாரு... பாத்தா?"

மெஷின் என்றேன். மௌசுமி பார்த்தாள். நான் உள்ளேயே போகவில்லை.

இடது கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன்.